எழுதினால் சரி, வாயைத் திறந்தால் தவறு: பேச்சு ஆங்கிலத்தில் இலக்கணம் ஏன் நழுவுகிறது?

மலேசியாவில் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஐந்து நிமிடக் கூட்டம் ஒன்று நடக்கும். இரவு மெஷின் ஏன் நின்றது என்று சூப்பர்வைசர் கேட்கிறார். 'லாஸ்ட் நைட் தி மெஷின் ஸ்டாப், ஐ கால் டெக்னீஷியன், ஹி கம் பட் ஹி டோன்ட் நோ வாட் இஸ் தி ப்ராப்ளம்' என்று பதில் வருகிறது. இதையே அவர் சற்று நேரம் கழித்து இமெயிலில் எழுதினால் 'ஸ்டாப்' என்பது 'ஸ்டாப்ட்' ஆகிவிடும், 'கம்' என்பது 'கேம்' ஆகிவிடும், 'டோன்ட்' போய் 'டிட்ன்ட்' வரும், டெக்னீஷியனுக்கு முன்னால் ஒரு 'தி' கூட ஏறிக்கொள்ளும். ஆனால் 'வாட் இஸ் தி ப்ராப்ளம்' மட்டும் எழுத்திலும் அப்படியே நிற்கும். அது 'வாட் தி ப்ராப்ளம் வாஸ்' என்று வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரே பதிலில் இருவகைத் தவறுகள் இருக்கின்றன. முதல் வகையில் விதி தெரியும், அதை எடுத்துப் போட நேரமில்லை. இரண்டாவது வகையில் விதியே தெரியாது. மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். நேரம், களைப்பு, பதற்றம் ஆகியவற்றால் வருவது நழுவல். உள்ளே இருக்கும் அறிவே குறைபட்டிருந்தால் அது பிழை. டியூஷன் வகுப்புகளில் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பேசும்போது 'கம்' என்று சொன்ன மாணவனுக்கு மறுபடியும் இறந்தகால அட்டவணையைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். அட்டவணை அவனுக்கு மனப்பாடம். பேச்சில் அது நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல்.

அந்த நேரம் எவ்வளவு? சாதாரண உரையாடலில் ஒருவர் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் பேசுகிறார். ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்குவதற்குள் இருக்கும் இடைவெளி பல மொழிகளில் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லச் சொன்னால், தாய்மொழியிலேயே அந்த ஒற்றைச் சொல் வாய்க்கு வர அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியானால் எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் உள்ளே தயாராகத் தொடங்கிவிடுகிறது என்று பொருள். மொழி உளவியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் இந்தத் தயாரிப்பை மூன்று கட்டமாக விவரித்தார்: சொல்ல வந்த கருத்தை முடிவு செய்வது, அதற்குச் சொல்லும் இலக்கணமும் பூட்டுவது, பிறகு ஒலியாக வெளியிடுவது. தாய்மொழியில் நடுக்கட்டம் தானாக ஓடும், நம் கவனம் முழுவதும் முதல் கட்டத்தில் இருக்கும். இரண்டாம் மொழியில் அந்த நடுக்கட்டத்துக்கும் கவனம் தேவைப்படுகிறது. கவனம் பற்றாக்குறையானால் எதை விட்டாலும் பொருள் புரிந்துவிடுமோ அதுதான் முதலில் விழும்.

'லாஸ்ட் நைட்' என்று சொல்லியாகிவிட்டது. இறந்தகாலம் என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும். பிறகு வரும் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் அதையே திரும்பத் திரும்பக் காட்டுவது பேசுபவரின் மூளைக்குத் தண்டச்செலவு. 'ஷி வொர்க்ஸ்' என்பதில் வரும் 'ஸ்' ஒலியும் அப்படித்தான்; 'ஷி' வந்தவுடனே ஆள் யார் என்பது தெரிந்துவிட்டது. பன்மை, 'ஏ', 'தி' எல்லாமே இந்த வரிசையில்தான். மொழி கற்றலை ஆராய்ந்த ஸ்டீபன் கிராஷென் சொல்வதும் இதையொட்டியதே: படித்த விதியைக் கொண்டு பேச்சைச் சரிபார்க்க வேண்டுமானால் நேரம் வேண்டும், வடிவத்தின் மேல் கவனம் வேண்டும், விதியும் தெரிந்திருக்க வேண்டும். இமெயிலில் மூன்றும் கிடைக்கும். காலைக் கூட்டத்தில் மூன்றாவது மட்டும்தான் கையில் இருக்கும்.

இங்கே தமிழர்களைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கை உண்டு. 'ஹி கோ' என்று ஒருவர் சொன்னால் 'அவர் தாய்மொழியில் அப்படியொன்று இல்லை, அதனால்தான்' என்று சட்டென்று காரணம் சொல்லிவிடுவார்கள். மலாய்க்காரர் விஷயத்தில் அது பொருந்தும். மலாய் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவதில்லை. தமிழிலோ போகிறான், போகிறாள், போகிறார்கள், போகிறேன் என்று வினைமுற்று முழுவதும் விகுதிதான். விகுதிக்குப் பழகிய நாம் ஏன் அந்த ஒரு 'ஸ்' ஒலியை விடுகிறோம்? தமிழில் விகுதி வேலை செய்கிறது. 'நாளைக்கு வர்றாளாம்' என்றால் பெயரே சொல்லாமல் ஆள் பெண் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுவாயை விட முடியாது, ஆகவே விகுதிக்குப் பெரிய வேலையும் இல்லை. வேலை இல்லாததை நாக்கு விட்டுவிடுகிறது. 1974இல் ஹெய்டி டூலே, மரினா பர்ட் இருவரும் ஸ்பானிய, சீனத் தாய்மொழிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, தாய்மொழி வேறாக இருந்தும் ஆங்கில விகுதிகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் கைவந்தன. 'இங்' முதலில் வரும் கூட்டத்தைச் சேர்ந்தது. 'ஹி வொர்க்ஸ்' என்பதன் 'ஸ்' கடைசியில் வருபவற்றில் ஒன்று. ஐந்தாம் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிட்டோமே என்று ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதைத்தான்.

காதில் விழாத விகுதிகள்

இலக்கணப் பிழை என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் உச்சரிப்புச் சிக்கல். தமிழ்ச் சொற்கள் ப், ட், க் போன்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. கடன் வாங்கிய சொல்லாக இருந்தாலும் ஓர் உகரத்தைச் சேர்த்து 'பஸ்ஸு', 'கேட்டு' என்றுதான் சொல்கிறோம். மலாயில் சொல் இறுதி வல்லினம் உண்டு, ஆனால் உதடு மூடியபடியே நின்றுவிடும், வெடிக்காது. இந்த இரண்டு பழக்கத்தோடு வளர்ந்த நாக்குக்கு 'ஸ்டாப்ட்', 'ஆஸ்க்ட்', 'ஹெல்ப்ஸ்' என்று இரண்டு மூன்று மெய்கள் வால்போல ஒட்டிக்கொண்டு வருவது பெரும் சிரமம். போதாக்குறைக்கு, தாய்மொழிக்காரர்களே வேகமாகப் பேசும்போது அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் அந்த 'ட்' ஒலியை விழுங்குவதுண்டு. ஆகவே கேட்டுக் கேட்டுத் திருந்தவும் வழி குறைவு.

எது என்று பிரித்தறிய எளிய சோதனை இருக்கிறது. ஒருவர் 'வென்ட்', 'பாட்', 'டோல்ட்' போன்ற உருமாறும் வினைகளைச் சரியாகச் சொல்லி, 'வாக்ட்', 'ஸ்டாப்ட்' ஆகியவற்றில் மட்டும் வாலை விடுகிறாரா? அவருக்கு இறந்தகாலம் தெரியும், ஒலிதான் வரவில்லை. இரண்டிலுமே விடுகிறார் என்றால் காலம் நழுவுகிறது. முதல் ஆளுக்கு இலக்கணப் பயிற்சி கொடுப்பது வீண். அவருக்குத் தேவை இணைத்துச் சொல்லும் பழக்கம். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைப் பின்னால் போட்டு, வால் மெய்யை அதன் தலையில் ஏற்றிவிட வேண்டும்: 'ஸ்டாப்ட் அட் டென்' என்பதை 'ஸ்டாப்–டட் டென்' என்றும், 'கால்ட் அஸ்' என்பதை 'கால்–டஸ்' என்றும், 'வொர்க்ஸ் இன் பிறை' (பிறை பினாங்கின் ஓர் ஊர்) என்பதை 'வொர்க்–ஸின் பிறை' என்றும் சொல்லிப் பழகலாம். மெய்க்கு ஓர் உயிர் கிடைத்துவிட்டால் தமிழ் நாக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மூன்று மொழியும் ஒரே பக்கம் இழுத்தால்

பினாங்குத் தமிழர் ஒருவரின் காதில் காலையிலிருந்து இரவுவரை தமிழ், மலாய், சீன வட்டாரமொழியான ஹொக்கியன், மலேசிய ஆங்கிலம் நான்கும் விழுகின்றன. தமிழ் மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் அந்தத் தவறு சீக்கிரம் திருந்திவிடும். தமிழும் மலாயும் ஒரே பக்கம் இழுத்து, தெருவோர ஒட்டுக்கடை ஆங்கிலமும் அதற்கு ஆமாம் போட்டால் வருடக் கணக்கில் அசையாது.

'ஐ ஈட் ஆல்ரெடி' என்பதைப் பாருங்கள். 'சாப்பிட்டாச்சு' என்பதில் வரும் 'ஆச்சு', மலாயின் 'சுடா', ஹொக்கியனின் 'லியாவ்' மூன்றும் 'முடிந்துவிட்டது' என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலம் அதையே 'ஹேவ் ஈட்டன்' என்று வினைக்குள் இரண்டு மாற்றம் செய்து சொல்கிறது. ஒரு சொல்லைக் கடைசியில் ஒட்டினால் வேலை முடியும் என்றால் யார்தான் இரண்டு மாற்றம் செய்வார்கள்? 'காட்' என்ற சொல்லும் இந்தக் கதைதான். 'எனக்குக் கார் இருக்கு', 'கடையில் ஆள் இருக்கு' என்று உடைமைக்கும் இருப்புக்கும் நாம் ஒரே 'இருக்கு' போடுகிறோம். மலாயின் 'அடா' இரண்டுக்கும் பொது. ஆங்கிலத்தில் ஒன்று 'ஹேவ்', மற்றது 'தேர் இஸ்'. அவசரத்தில் இரண்டையும் சேர்த்து 'காட் மெனி பீப்பல் வெய்ட்டிங்' என்று வந்துவிடுகிறது.

'ஐ வொர்க் ஹியர் சின்ஸ் 2019' என்பதற்கும் காரணம் அதுவே. '2019லிருந்து இங்கே வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலம்தான் வரும். மலாயின் 'செஜாக்' வந்தாலும் வினை மாறாது. ஆங்கிலம் மட்டும்தான் 'ஹேவ் வொர்க்ட்' அல்லது 'ஹேவ் பீன் வொர்க்கிங்' கேட்கிறது. வேலை நேர்காணலில் ஏறக்குறைய கட்டாயம் வரும் வாக்கியம் இது என்பதால், வேறு எதைத் திருத்தாவிட்டாலும் இதைத் திருத்திக்கொள்வது நல்லது.

சில தவறுகளுக்குத் தமிழ் நேரடிப் பொறுப்பு. தொடக்கத்தில் பார்த்த 'வாட் இஸ் தி ப்ராப்ளம்' அப்படிப்பட்டது. தமிழில் கேள்வியை உள்ளே வைக்க வேண்டுமானால் அதை அப்படியே தூக்கி 'என்று' சேர்த்தால் போதும்: 'என்ன பிரச்சினை என்று தெரியவில்லை'. கேள்வியின் வடிவம் மாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் கேள்வி உள்ளே போனவுடன் சொல்வரிசை சாதாரண வாக்கியத்துக்குத் திரும்பிவிடும்: 'ஐ டோன்ட் நோ வாட் தி ப்ராப்ளம் இஸ்'. இது விதி தெரியாமல் வரும் பிழை; ஆகவே இங்கே விளக்கம் உதவும். நேர்க் கேள்வியில் இதற்கு நேர்மாறாக, மாற்ற வேண்டிய வரிசையை மாற்றாமல் 'வை யூ டிட்ன்ட் கம்?' என்று வருகிறது; ஏனெனில் தமிழில் 'ஏன் வரவில்லை' என்பதற்கு எதையும் புரட்ட வேண்டியதில்லை. 'டிஸ்கஸ் அபௌட்' என்று வருவது 'பற்றி' என்பதாலும் மலாயின் 'தெந்தாங்' என்பதாலும். இது காதை உறுத்தும், பொருளைக் கெடுக்காது.

பொருளையே கெடுப்பது ஒன்று உண்டு. 'நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லையா?' என்று கேட்டால் கட்டாதவர் தமிழில் 'ஆமாம், கட்டவில்லை' என்பார். கேள்வியில் உள்ள கருத்தை ஒப்புக்கொள்வதுதான் நம் 'ஆமாம்'. ஆங்கிலத்தில் 'யெஸ்' என்பது நடந்தது, 'நோ' என்பது நடக்கவில்லை. 'ஹேவன்ட் யூ பேய்ட்?' என்று முகப்பில் கேட்கிறார்கள். 'யெஸ்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போகிறது. கட்டிவிட்டார் என்று அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். இங்கே 'யெஸ்' சரியா 'நோ' சரியா என்று அந்த நொடியில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டையும் விட்டுவிட்டு வாக்கியத்தை முழுதாகச் சொல்வதுதான் பாதுகாப்பு: 'ஐ ஹேவன்ட் பேய்ட் யெட்.' 'டூ யூ மைண்ட்' என்று தொடங்கும் கேள்விக்கும் இதே மருந்து. 'ப்ளீஸ் கோ அஹெட்' என்றால் போதும்.

'ஹி', 'ஷி' மாறுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'அவங்க' என்பதிலும் மலாயின் 'டியா' என்பதிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. நன்றாகப் பேசுபவர்களுக்கும் களைப்பில் இது நழுவும், கேட்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மலேசியப் பள்ளிகள் எப்படி மாறின என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆங்கிலவழிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறின. அதற்கு முன் அங்கே படித்த பாட்டிக்கு ஆங்கிலம் பாடம் மட்டுமல்ல, கணக்கையும் புவியியலையும் அதில்தான் படித்தார், திடலில் சண்டையும் அதில்தான் போட்டார். பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படிக்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் வாரத்துக்குச் சில பாடவேளை. பாட்டியைவிட அவளுக்கு இலக்கணச் சொற்கள் அதிகம் தெரிந்திருக்கலாம். வாய்ப்பழக்கம் பாட்டிக்குத்தான். தேர்வுகள் இப்போது இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கேட்கத் தொடங்கியுள்ளன. 2021 முதல், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வு தனித்தாளாக உள்ளது. கேள்வி பதில், தனியாகப் பேசுதல், உடன் அமர்ந்திருக்கும் மாணவரோடு கலந்துரையாடல் என்று மூன்று பகுதி. மூவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வில் முன்பு பேச்சுக்கு 15 விழுக்காடு. 2021 முதல் நான்கு திறனுக்கும் சமமாக 25 விழுக்காடு.

என்ன செய்யலாம்

கைப்பேசியில் இரண்டு நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். நேற்று வேலையில் நடந்தது, போன வாரக் கல்யாணம் என்று இறந்தகாலத்தில் நடந்த ஏதாவது ஒன்று. குறிப்பு எடுக்கக் கூடாது, நிறுத்தி மறுபடி தொடங்கக் கூடாது. மறுநாள் அதைக் கேட்டு, 'அம்', 'வந்து', பாதியில் விட்ட சொல் உட்பட ஒன்று விடாமல் எழுதுங்கள். இருநூறு சொல்லுக்கு முன்பின்னாக வரும்; எழுத இருபது நிமிடமாவது ஆகும். அலுப்பாக இருக்கும், ஆனால் குறுக்குவழி இல்லை. கைப்பேசிச் செயலியிடம் எழுதச் சொன்னால் அது பல நேரம் உங்கள் தவறைத் தானே திருத்திப் போட்டுவிடும். பிறகு எதைப் பார்ப்பது?

எழுதியதில் மூன்று நிறத்தில் கோடிடுங்கள். படித்தவுடனே உங்களால் திருத்த முடிந்தது பச்சை: அது நழுவல். எழுத்தில் சரியாகச் செய்வீர்கள், நாக்கில் ஒலி மட்டும் வரவில்லை என்றால் நீலம். உங்களுக்குத் தெரியாமல் ஆசிரியரோ நண்பரோ காட்டிக்கொடுத்தது சிவப்பு. சிவப்புக்குத்தான் இலக்கணப் புத்தகம். நீலத்துக்கு முன்னே சொன்ன இணைப்புப் பயிற்சி. பச்சைக்கு நேர நெருக்கடியோடு கூடிய பேச்சு தவிர வேறு வைத்தியம் கிடையாது. பெரும்பாலானவர்களின் தாளில் பச்சைதான் நிறைந்திருக்கும்.

அதற்கு நான்கு–மூன்று–இரண்டு என்றொரு முறை உண்டு. மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷனின் நூல்களால் ஆசிரியர்களிடையே பரவியது. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம் ஒருவரிடம் சொல்ல வேண்டும், அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், பிறகு மற்றொருவரிடம் இரண்டு நிமிடத்தில். சொல்ல வேண்டியது ஏற்கெனவே முடிவாகிவிட்டதால், இரண்டாவது தடவையிலிருந்து கவனம் மிச்சமாகி இலக்கணத்துக்குப் போகும். ஆனால் இதை அப்படியே செய்தால் ஒரு கேடு இருக்கிறது. முதல் தடவை செய்த தவறே மூன்று முறை ஒப்புவிக்கப்பட்டு இன்னும் இறுகிவிடும். ஆகவே முதல் தடவைக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு நிமிடம் நிறுத்தி, ஒரே ஒரு தவறை எடுத்து, அது வந்த இரண்டு மூன்று வாக்கியங்களைச் சரியாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு தொடர வேண்டும். ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஐந்து தவறையும் ஒரே வாரத்தில் துரத்துபவர்கள் வாயே திறக்க முடியாமல் நிற்பார்கள்.

காலம் நழுவுபவர்கள் முதல் வினைச்சொல்லைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது. கதை நிகழ்காலத்தில் தொடங்கிவிட்டால் பின்னால் வருவது எல்லாம் அதன் பின்னேயே போகும். 'வாட் ஹேப்பன்ட் வாஸ்' என்று தொடங்கிப் பழகுங்கள். அது ஒரே மூச்சில் வரும் கட்டு. இறந்தகாலத்தில் கால் வைத்துவிடும், யோசிக்க ஒரு நொடியும் கிடைக்கும். உள்ளே வைக்கும் கேள்விக்கும் நான்கு கட்டுகளை மனப்பாடம் செய்தால் போதும்: 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்', 'வாட் இட் இஸ்', 'ஹவ் மச் இட் காஸ்ட்ஸ்', 'வென் தே ஆர் கமிங்'. விதியைத் தேடிப் பிடிப்பதைவிட, முன்பே கட்டிவைத்ததை எடுத்து நீட்டுவது எவ்வளவோ வேகம்.

திருத்துபவர்களுக்கும் ஒரு சொல். வகுப்பில் நடப்பது இதுதான்:

'டீச்சர், யெஸ்டர்டே தி மோனிட்டர் டோன்ட் கம்.'

'ஓ, ஹி டிட்ன்ட் கம்?'

'யா டீச்சர், ஹி டோன்ட் கம்.'

ஆசிரியர் திருத்திவிட்டதாக நினைக்கிறார். மாணவனோ, தான் சொன்ன செய்தியை அவர் உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்கிறான். ராய் லிஸ்டர், லைலா ராண்டா இருவரும் கனடாவின் பிரெஞ்சுவழி வகுப்புகளைப் பதிவு செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் திருத்தங்களில் 55 விழுக்காடு இப்படிச் சரியான வடிவத்தைத் திரும்பச் சொல்வதாகவே இருந்தது. அதற்கு மாணவரிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது 31 விழுக்காடுதான். திருத்தத்தைத் தட்டில் வைத்து நீட்டாமல், 'ஹி டோன்ட் கம்… யெஸ்டர்டே?' என்று தவறு நிற்கும் இடத்தில் நிறுத்திக் காத்திருந்தால், பச்சை வகைத் தவறை மாணவன் தானே எடுத்துத் திருத்துவான். அந்தத் தேடல்தான் பயிற்சி. சிவப்பு வகைக்கு இது பயன்படாது; தெரியாததை எங்கிருந்து எடுப்பான்? அங்கே நேராகச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

திருத்தவே வேண்டாதவையும் உண்டு. 'கேன் லா', 'காட் டைம் ஆ?' என்று மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடையில்) பேசுவது தவறான ஆங்கிலம் இல்லை. மூன்று இனத்தவரும் கூடிப் பேசும் இடத்தின் மொழி அது. அங்கே போய் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்று கேட்டால் இவருக்கு என்னாயிற்று என்றுதான் பார்ப்பார்கள். நேர்காணலில் அமர்ந்தபின்னும் அது ஒன்றுதான் வருகிறது, மாற்ற முடியவில்லை என்றால்தான் சங்கடம். பிள்ளைகள் வீட்டில் 'லா' போடுவதைக் கண்டிக்கும் பெற்றோர் அந்தச் சக்தியை 'சின்ஸ் 2019' மீது செலவிடலாம்.

பேசும்போதே தவறு கண்ணில் பட்டுவிட்டால் திரும்பிப் போய்த் திருத்துவதா, கடந்துபோவதா என்ற கேள்வி வரும். பணம், தேதி, யார் செய்தது, நடந்ததா இல்லையா: இவற்றில் ஒன்று மாறிவிடும் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி, 'சாரி, ஐ மீன் தே பேய்ட்' என்று அந்தத் துண்டை மட்டும் மறுபடி சொல்லுங்கள், வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு 'ஸ்' ஒலியோ 'தி' என்பதோ விழுந்திருந்தால் கடந்துபோய்விடுங்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று முறை பின்னால் போனால், அந்தத் தவறுகளைவிட அதுதான் கேட்பவரை அதிகம் குழப்பும்.